ஊரை விட்டுப் போகாத பேராசிரியர் – டாக்டர் பெஞ்சமின் ரஷ்

மலர்க் குழுவினர் இந்த வருஷமும் என்னிடம் ஒரு வாழ்க்கை வரலாறு கேட்டார்கள். இப்போது படிக்கிற பிள்ளைகளும் வாசிக்கணும் சார், பழைய மாணவர்களுக்கும் பிடிக்கணும் என்று நிபந்தனை வேறு. போன சந்திப்பு மலர்களில் விஞ்ஞானிகள், தலைவர்கள் என்று ஜெயித்தவர்களைப் பற்றியே எழுதியாகிவிட்டது. இந்த முறை ஒரு வாத்தியாரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அவர் ஒரு கல்லூரியை நிறுவியவர். வாழ்நாளில் சுமார் 3,000 மாணவர்களுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுத்தவர். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். இவ்வளவும் இருந்தும், இன்றைக்கு மருத்துவ வரலாறு படிக்கிறவர்கள் அவர் பெயரைச் சொன்னதும் கொஞ்சம் முகம் சுளிக்கிறார்கள். ஏன் என்பதுதான் கதை.

பெஞ்சமின் ரஷ் 1746 ஜனவரியில் ஃபிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் பைபெரி என்கிற கிராமத்தில் பிறந்தார். ஐந்து வயதில் அப்பா போய்விட்டார். அம்மா சூசன்னா ஊருக்குள் ஒரு பலசரக்குக் கடை வைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றினார். பெஞ்சமினைப் படிக்க வைத்தது தாய்வழி உறவு. சித்தப்பா முறையான சாமுவேல் ஃபின்லி என்ற பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடம். பையன் படு சூட்டிகை. இன்றைக்கு நாம் பிரின்ஸ்டன் என்று சொல்கிற கல்லூரியில் 1760-ல் பட்டம் வாங்கியபோது வயது 14. நம்ம ஊரில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற வயசு!

அப்புறம் ஜான் ரெட்மன் என்ற டாக்டரிடம் அஞ்சாறு வருஷம் கூடவே இருந்து தொழில் கற்றார். அந்தக் காலத்தில் வைத்தியப் படிப்பு என்றால் பெரும்பாலும் அதுதான். குருவோடு போவது, மருந்து இடிப்பது, கட்டுப் போடுவது. 1762-ல் ஃபிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்தபோது அதைக் கண்ணால் பார்த்துக் குறிப்பு எழுதி வைத்தார். இந்தக் குறிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். பிறகு ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குப் போய் 1768-ல் எம்.டி. பட்டம். லண்டனில் பெஞ்சமின் ஃபிராங்ளினின் பழக்கம். 1769-ல் ஊர் திரும்பியதும் ஃபிலடெல்பியா கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். வயது 23. அமெரிக்காவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவர்தான்.

அரசியல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதற்கே ஒரு தனி மலர் வேண்டும். தாமஸ் பெயின் எழுதிய புகழ்பெற்ற பிரசுரத்துக்குக் ‘காமன் சென்ஸ்’ என்று பேர் வைக்கச் சொன்னவர் இவர். 1776-ல் ஜூலியா ஸ்டாக்டனைக் கல்யாணம் செய்தார். அதே வருஷம் மாமனாரும் மருமகனுமாகப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். யுத்தத்தில் ராணுவ வைத்தியராகப் போனார், ஆஸ்பத்திரி நிர்வாகம் சரியில்லை என்று மேலதிகாரியோடு சண்டை போட்டார், 1778-ல் ராஜினாமா செய்துவிட்டு வந்தார். சண்டை போடுவது அவருக்கு ரத்தத்திலேயே இருந்தது. மனசில் பட்டதை எழுதாமல் இருக்க மாட்டார், எழுதியதை வாபஸ் வாங்கவும் மாட்டார்.

ஆனால் நல்ல காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பார். 1783-ல் பென்சில்வேனியாவின் உள்நாட்டுப் பக்கம் டிக்கின்சன் கல்லூரியை உண்டாக்கினார். 1786-ல் ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுக்கும் மருந்தகம் தொடங்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு. பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பேசினார். மனநோயாளிகளைச் சங்கிலி போட்டுக் குளிரில் கிடத்தக் கூடாது என்று பென்சில்வேனியா ஆஸ்பத்திரியில் போராடினார். கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருப்பதை எதிர்த்து 1773-லேயே சின்னப் புத்தகம் போட்டார். இதில் ஒரு சங்கடம்: அப்படி எழுதியவர் வீட்டிலேயே வில்லியம் என்று ஒரு அடிமை இருந்தார். பல வருஷம் கழித்துத்தான் அவருக்கு விடுதலை கொடுத்தார். பெரிய மனுஷன் கதை எழுதும்போது இதையெல்லாம் மறைக்கக் கூடாது என்பது என் கட்சி.

சரி, 1793-க்கு வருவோம்.

ஃபிலடெல்பியா அப்போது அமெரிக்காவின் தலைநகர். ஜனாதிபதி வாஷிங்டன் அங்கேதான் இருந்தார். புறநகரையும் சேர்த்துச் சுமார் 50,000 ஜனம். அந்தக் கோடையில் மழையே இல்லை, கடும் வெயில். கரீபியன் தீவில் செயின்ட் டொமிங்கோ (இன்றைய ஹெய்ட்டி) கலவரத்தில் எரிந்து, அங்கிருந்து கப்பல் கப்பலாக அகதிகள் வந்து இறங்கினார்கள். ஏறத்தாழ 2,000 பேர். ஆகஸ்ட் ஆரம்பத்தில் டெலவேர் ஆற்றங்கரையோரம், வாட்டர் தெருப் பக்கம், விடுதிகளில் ஒவ்வொருத்தராகச் செத்தார்கள். கப்பல்துறைப் பக்கத்துச் சாவு யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை.

ஆகஸ்ட் 19-ம் தேதி ரஷ்ஷை ஒரு வியாபாரியின் மனைவியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு டாக்டர்கள் அங்கே இருந்தார்கள். அந்த அம்மாளின் நிலைமையைப் பார்த்ததும் ரஷ்ஷுக்கு 1762 ஞாபகம் வந்துவிட்டது. இது சாதாரணக் காய்ச்சல் இல்லை, மஞ்சள் காய்ச்சல் என்று அன்றே சொன்னார். நம்ம மஞ்சள் காமாலை வேறு, இது வேறு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். குளிர் ஜுரம், மண்டையிடி, இடுப்பு வலி என்று திடீரென ஆரம்பிக்கும். மூன்று நாலு நாளில் விட்ட மாதிரி இருக்கும். ஆள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். அதோடு போனால் பிழைத்தார். சிலருக்கு மட்டும் மறுபடி திரும்பும். கண் மஞ்சளாகும், மூக்கிலும் ஈறிலும் ரத்தம், கறுப்பாக வாந்தி. அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மீளுவதில்லை.

காரணம் என்ன? பக்கத்துத் துறையில் ஒரு கப்பல் கொண்டுவந்து கொட்டிய காப்பிக்கொட்டை அழுகி நாறிக்கொண்டிருந்தது. அந்த நாற்றம்தான் காரணம் என்று ரஷ் முடிவு கட்டினார். மற்ற டாக்டர்கள் பலர், இல்லை, அகதிக் கப்பலில் வந்த தொற்று என்றார்கள். இரண்டு கட்சியும் பல வருஷம் சண்டை போட்டது. இரண்டுமே பாதி சரி, பாதி தப்பு. வைரஸ் கப்பலில்தான் வந்தது. அதை ஆளுக்கு ஆள் கொண்டு போனது கொசு. வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம் கொசு வழக்கத்தை விட ரொம்ப அதிகம் என்று ரஷ்ஷே தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். ஆகஸ்ட் கடைசியில் ஒரு பத்திரிகையில் யாரோ பேர் போடாமல், மழைத்தண்ணீர்ப் பீப்பாய்களில் கொஞ்சம் எண்ணெய் விட்டால் கொசுப் புழு செத்துப்போகும் என்று கடிதம் எழுதியிருந்தார். தொல்லை குறையட்டும் என்றுதான், காய்ச்சலுக்காக இல்லை. அந்தப் பீப்பாய்களிலேயே சாவு நீந்திக்கொண்டிருந்தது ஒருத்தருக்கும் தெரியாது. கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே 1881-ல் கொசுவைக் குற்றம் சாட்டும் வரைக்கும், 1900-ல் வால்டர் ரீட் குழு அதை நிரூபிக்கும் வரைக்கும் தெரியாது. ஃபின்லே டாக்டர் பட்டம் வாங்கியது இதே ஃபிலடெல்பியாவில், 1855-ல்.

ஊர் காலியாக ஆரம்பித்தது. வாஷிங்டன் செப்டம்பர் 10-ம் தேதி தன் பண்ணைக்குப் போனார். மந்திரிகள், எழுத்தர்கள், வியாபாரிகள், ஏன், டாக்டர்களிலேயே சிலர் கிளம்பிப் போனார்கள். 17,000 பேருக்கு மேல் வெளியேறியதாகக் கணக்கு. சர்ச் மணி அடித்து அடித்து ஜனங்கள் பயந்து சாகிறார்கள் என்று மணி அடிப்பதையே நிறுத்தச் சொன்னார்கள். தெருவில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் கை கொடுப்பதில்லை. வினிகரில் நனைத்த துணி, பூண்டு, கற்பூரம் என்று மூக்கில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்தார்கள். 2020-ல் நாம் பார்த்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ரஷ் போகவில்லை. ஜூலியாவும் பிள்ளைகளும் வெளியூரில் பத்திரமாக இருந்தார்கள். அவரும் கிளம்பியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். வயதான தாயார், தங்கியிருந்த சகோதரி ரெபேக்கா, ஐந்து மாணவர்கள், வேலைக்காரர்கள் – இவர்களோடு அந்த வீட்டிலேயே இருந்தார். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது நோயாளிகளைப் பார்த்தார். சாப்பிடும்போதும் வாசலில் கூட்டம். தினமும் ராத்திரி மனைவிக்குக் கடிதம் எழுதினார். மாணவர்களில் மூன்று பேர் அடுத்தடுத்துச் செத்தார்கள். அக்டோபர் 1-ம் தேதி ரெபேக்காவும் போய்விட்டார். ரஷ்ஷுக்கே காய்ச்சல் வந்தது. படுக்கையில் இருந்தபடியே மாணவர்களை அனுப்பி வைத்தியம் பார்த்தார். எழுந்ததும் மறுபடி தெருவில் இறங்கினார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தால் சிலை வைத்துக் கும்பிடலாம். ஆனால் அவர் என்ன வைத்தியம் பார்த்தார்?

ஆரம்பத்தில் அவரும் மற்றவர்கள் மாதிரி மென்மையான மருந்துகளைத்தான் கொடுத்தார். பட்டைக் கஷாயம், ஒயின், குளிர்ந்த தண்ணீர். ஒன்றும் பலிக்கவில்லை, நோயாளிகள் செத்துக்கொண்டே இருந்தார்கள். பழைய காகிதங்களைப் புரட்டும்போது, வர்ஜீனியாவில் 1741-ல் வந்த காய்ச்சலைப் பற்றி ஜான் மிட்செல் என்பவர் எழுதிய கையெழுத்துப் பிரதி கிடைத்தது. ஃபிராங்ளின் கொடுத்து வைத்திருந்தது. நோயாளி எவ்வளவு பலவீனமாகத் தெரிந்தாலும் தயங்காமல் பேதிக்குக் கொடு என்று அதில் இருந்தது. ரஷ்ஷுக்குப் பொறி தட்டியது. கலோமல் என்கிற பாதரச மருந்து பத்து கிரெய்ன், ஜாலப் வேர்த் தூள் பதினைந்து கிரெய்ன், ஒரே நாளில் பல வேளை. அதோடு கையில் நரம்பைக் கீறி ரத்தம் எடுப்பது. ஒரு தரம் இல்லை, நாளுக்கு நாள். தேவைப்பட்டால் உடம்பின் ரத்தத்தில் ஐந்தில் நாலு பங்கு வரை எடுக்கலாம் என்று அவர் நம்பினார். மனித உடம்பில் உண்மையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு ரத்தம் இருப்பதாக அவர் கணக்கு. கணக்கிலேயே தப்பு!

அவர் வைத்தியம் பார்த்தவர்களில் நிறையப் பேர் பிழைத்தார்கள். ஏன் பிழைத்தார்கள்? இந்தக் காய்ச்சல் வந்தவர்களில் பெரும்பாலோர் முதல் கட்டத்தோடு தாமாகவே தேறிவிடுவார்கள். அந்த ஊரில் சாதாரண ஜுரத்துக்கும் பயந்து அவரிடம் ஓடிவந்தவர்கள் எத்தனையோ. தேறியவர் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். செத்தவர் வந்து எதிர்க்கட்சி பேசவா போகிறார்? செத்தால், ரத்தம் எடுத்தது போதவில்லை, இன்னும் முன்னாலேயே எடுத்திருக்கணும் என்று ரஷ் விளக்கம் வைத்திருந்தார். எந்தப் பக்கம் போனாலும் அவருக்கே சாதகம். அவர் பொய் சொல்லவில்லை. தன் உடம்பிலும் அதே வைத்தியத்தைத்தான் செய்துகொண்டார். அதுதான் கொடுமை, ஏமாற்றுக்காரனாக இருந்தால் ஒரு நாள் பிடிபடுவான்.

நிதி மந்திரி அலெக்ஸாண்டர் ஹாமில்டனுக்கும் காய்ச்சல் வந்தது. சின்ன வயசு நண்பரான டாக்டர் எட்வர்ட் ஸ்டீவன்ஸ் பட்டை, ஒயின், குளிர்ந்த குளியல் கொடுத்துப் பார்த்தார், பிழைத்துக்கொண்டார். அதை ஹாமில்டன் பத்திரிகையில் எழுத, வைத்தியமும் கட்சி அரசியலாகிவிட்டது. ஒரு கட்சிக்காரன் ரத்தம் எடுத்துக்கொண்டான், மற்றவன் பட்டைக் கஷாயம் குடித்தான் என்று கேலி பேசும் அளவுக்குப் போனது. ரஷ் சக டாக்டர்களோடு பத்திரிகையில் மல்லுக்கு நின்றார். தான் சேர்ந்து உருவாக்கிய மருத்துவர்கள் சங்கத்தை விட்டே அந்த நவம்பரில் விலகினார்.

ஊருக்கு வெளியே புஷ் ஹில் என்ற மாளிகையை ஏழை நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியாக எடுத்தார்கள். முதலில் அது நரகமாகத்தான் இருந்தது. ஸ்டீஃபன் ஜிரார்ட் என்ற பிரெஞ்சுக் கப்பல் வியாபாரியும் பீட்டர் ஹெல்ம் என்ற பீப்பாய் செய்கிறவரும் தாங்களாகவே முன்வந்து நிர்வாகத்தை எடுத்தபின் மாறியது. அகதியாக வந்த ழான் தெவேஸ் என்ற டாக்டர் அங்கே பெரும்பாலும் ஓய்வு, சுத்தம், தாங்கக்கூடிய பானங்கள் என்று பார்த்தார். ரஷ்ஷின் முறை அங்கே எடுபடவில்லை.

இன்னொரு தப்பும் உண்டு, அது வைத்தியத்தை விடப் பெரிசு. கறுப்பின மக்களுக்கு இந்தக் காய்ச்சல் வராது என்று தென்பகுதி டாக்டர் ஒருவரின் பழைய கட்டுரையில் ரஷ் படித்திருந்தார். அப்சலோம் ஜோன்ஸ், ரிச்சர்ட் ஆலன் இருவரும் 1787-ல் ‘சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம்’ அமைத்திருந்தார்கள். இருவருமே அடிமையாகப் பிறந்து விடுதலை வாங்கியவர்கள். அவர்களுடைய சர்ச் கட்ட ரஷ் நிதி திரட்டிக் கொடுத்திருந்தார். அந்த நட்பின் பேரில், உங்கள் ஜனத்துக்கு இது வராது, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வாருங்கள் என்று கேட்டார். வந்தார்கள். சொந்தப் பெண்டாட்டி பிள்ளையே தொடப் பயந்தவர்களைத் தொட்டார்கள். பிணத்தை வண்டியில் ஏற்றிப் புதைத்தார்கள். ரஷ் சொல்லிக் கொடுத்தபடி நூற்றுக்கணக்கானவர்களுக்கு ரத்தமும் எடுத்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களிலும் விழ ஆரம்பித்தார்கள். ஆலனே காய்ச்சலில் படுத்துப் பிழைத்தார். 200 பேருக்கு மேல் செத்தார்கள். தான் சொன்னது தப்பு என்பதை ரஷ் பிறகு ஒப்புக்கொண்டார். இந்த ஒரு விஷயத்தில் ஒப்புக்கொண்டார்.

அதற்குக் கிடைத்த கைம்மாறு? மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் நவம்பரில் கொள்ளைநோயின் கதையைப் புத்தகமாகப் போட்டார், சூடச்சூட விற்றது. அதில் ஜோன்ஸையும் ஆலனையும் புகழ்ந்துவிட்டு, மற்றக் கறுப்பினத் தாதிகள் காசு பிடுங்கினார்கள், திருடினார்கள் என்று எழுதிவிட்டார். கேரி பாதியிலேயே ஊரை விட்டுப் போனவர் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. ஜோன்ஸும் ஆலனும் 1794 ஜனவரியில் பதில் புத்தகம் போட்டார்கள். வரவு என்ன, செலவு என்ன, சவப்பெட்டிக்கு எவ்வளவு என்று கணக்கோடு. வாங்கினதை விடச் செலவழித்தது அதிகம் என்று காட்டினார்கள். நகர மேயர் மேத்யூ கிளார்க்ஸன் – கடைசி வரை ஊரை விட்டுப் போகாதவர் – அவர்களுக்கு நற்சான்று கொடுத்தார். கறுப்பின எழுத்தாளர்கள் பதிப்புரிமை பெற்று வெளியிட்ட முதல் அமெரிக்க நூல் அது. மாணவ நண்பர்கள் யாராவது இதைத் தேடிப் படித்தால் சந்தோஷப்படுவேன்.

அக்டோபர் 11-ம் தேதி ஒரே நாளில் 119 பேரைப் புதைத்தார்கள். அப்புறம் குளிர் வந்தது, உறைபனி வந்தது, கொசு செத்தது, காய்ச்சல் நின்றது. மொத்தச் சாவு ஏறத்தாழ 5,000. ஊரில் பத்தில் ஒருத்தர்.

மறுபடியும் 1797-ல் வந்தது, 1798-ல் வந்தது. ரஷ் அதே கத்தியை எடுத்தார். இந்த முறை எதிரில் நின்றவர் வில்லியம் காபெட். ‘முள்ளம்பன்றி’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டு எழுதிய ஆங்கிலேயப் பத்திரிகைக்காரர். பேருக்கேற்ற எழுத்து. நோயாளிகளை ரத்தம் எடுத்துக் கொல்கிறார் என்று வாரா வாரம் குத்தினார். ரஷ் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1799 டிசம்பர் 14-ம் தேதி 5,000 டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. அதே நாள் ராத்திரி மவுண்ட் வெர்னனில் ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை வீங்கிச் செத்தார். அன்றைக்கு மட்டும் நாலு தரம் அவருக்கு ரத்தம் எடுத்திருந்தார்கள். காபெட் நியூயார்க்கிலிருந்து, 1793-ன் சாவுக் கணக்குகளை நாள்வாரியாக அடுக்கி, ரஷ்ஷின் புது வைத்தியம் வெளியான பிறகு சாவு ஏறத்தான் செய்தது என்று காட்டிவிட்டு 1800-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வசைக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் டாக்டர் எண்ணிப் பார்க்காததை அந்த வசைக்காரர் எண்ணிப் பார்த்தார்.

வழக்கில் ஜெயித்தும் ரஷ்ஷின் தொழில் படுத்துவிட்டது. அதற்கு முன்பே, 1797-ல், நியூயார்க்கில் ஒரு பேராசிரியர் பதவிக்கு முயன்றபோது ஹாமில்டன் குறுக்கே நின்று தடுத்துவிட்டார். அந்த வருஷம் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ், பழைய சிநேகிதம், நாணயச் சாலையில் பொருளாளர் வேலை கொடுத்தார். கடைசி வரை அந்தச் சம்பளம் வந்தது. வகுப்பு மட்டும் குறையவில்லை. அவர் பாடம் கேட்கப் பிள்ளைகள் தூரதூரத்திலிருந்து வந்தார்கள். படித்துவிட்டுப் போய், ஊர் ஊராக ரத்தமும் எடுத்தார்கள். 1803-ல் லூயிஸ் என்பவர் மேற்கே நாடு பார்க்கப் புறப்படுமுன் ரஷ்ஷிடம் வந்து யோசனை கேட்டு, அவருடைய பேதி மாத்திரைகளையும் வாங்கிக்கொண்டு போனார். 1812-ல் மனநோய்களைப் பற்றிய புத்தகம் எழுதினார். அமெரிக்காவில் அந்தத் துறையின் முதல் பெரிய நூல். அதே வருஷம், பல ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த ஆடம்ஸையும் ஜெஃபர்ஸனையும் கடிதம் எழுதி எழுதியே சமாதானம் பண்ணி வைத்தார்.

நடுவில் ஒரு சொந்தச் செய்தி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நைஜீரியாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போன நம்ம செட் நண்பர்கள் சிலர் இந்தச் சந்திப்புக்கும் வருகிறார்கள். ஊசி போட்டுக்கொண்டு மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஊசி இந்தக் காய்ச்சலுக்குத்தான். 1937-ல் மாக்ஸ் தைலர் குழு கண்டுபிடித்தது. இந்த நோய் நம் நாட்டுக்குள் வந்ததில்லை. அதைப் பரப்பக்கூடிய கொசு மட்டும் நம் வீட்டுத் தொட்டியிலேயே இருக்கிறது – டெங்கு பரப்புகிற அதே கொசு. அதனால்தான் விமான நிலையத்தில் அந்த அட்டையை அவ்வளவு கண்டிப்பாகக் கேட்கிறார்கள்.

1813 ஏப்ரலில் ரஷ்ஷுக்குக் குளிர் ஜுரம் வந்தது. டைஃபஸ் என்கிறார்கள். வயது 67. வைத்தியம் பார்க்க வந்த டாக்டர் தயங்கினார். ரஷ் விடவில்லை, ரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். 19-ம் தேதி உயிர் போனது. ஃபிராங்ளினைப் புதைத்த அதே கிறைஸ்ட் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் அவரையும் புதைத்தார்கள்.